ஏற்கெனவே இருக்கும் பேக்கேஜை மறுபடி ஏன் இறக்கணும்? சிஸ்டம் பைத்தானும் நம்ம புராஜெக்டும்

புதிதாக ஒரு பைத்தான் புராஜெக்ட் தொடங்குகிறீர்கள். வழக்கம்போல ஒரு மெய்நிகர் சூழலை உருவாக்கி, பிப் கட்டளையால் நம்பையை நிறுவச் சொல்கிறீர்கள். 15–20 எம்பி இணையத்திலிருந்து இறங்குகிறது. விரித்தால் அதுபோல் சில மடங்கு இடம் பிடிக்கிறது. ஆனால் வேறு ஏதோ மென்பொருளை ஆப்ட் வழியாக நிறுவியபோது கூடவே வந்த நம்பை ஒன்று அதே கணினியில் ஏற்கெனவே இருக்கு. போன மாதம் செய்த புராஜெக்டின் ஃபோல்டரில் இன்னொரு பிரதி. ஐந்து புராஜெக்ட் என்றால் ஐந்து பிரதி, சிஸ்டத்தினுடையதோடு ஆறு.

"இருக்கிறதையே எடுத்துக்கிட்டா என்ன?" என்று தோன்றுவது இயல்புதான். 16 ஜிபி மெமரி கார்டில் ராஸ்பெர்ரி பை ஓட்டுபவருக்கும், மொபைல் டேட்டாவை வைத்துக்கொண்டு நிரல் எழுதுபவருக்கும் இது வெறும் அழகியல் கேள்வி இல்லை.

எடுத்துக்கலாம். பைத்தானிலேயே அதற்கு வழி உண்டு, ஒரே ஒரு தெரிவைச் சேர்த்தால் போதும். ஆனால் அந்தத் தெரிவு எதைச் செய்கிறது, எதைச் செய்யாது என்று தெரியாமல் போட்டால், இடம் மிச்சமாகும், நேரம் போயிடும். இந்தக் குறிப்பில் அதன் உள்வேலையைப் பார்ப்போம். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். பகிர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க, டிஸ்க் அளவைவிட நல்ல அளவுகோல் ஒன்று இருக்கு: இந்தப் பேக்கேஜைப் புதுப்பிக்கும் பொறுப்பு யாருடையது?

சிஸ்டம் பைத்தான் யாருக்காக இருக்கு?

லினக்ஸ் கணினியோடு வரும் பைத்தான் முதலில் நமக்காக வைக்கப்பட்டதில்லை. இயங்குதளத்தின் சொந்த வேலைக்கு அது தேவைப்படுகிறது. உபுண்டுவில் தீச்சுவரை அமைக்கும் யூஎஃப்டபிள்யூ பைத்தானில் எழுதியது. பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக நிறுவும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸும் பைத்தான்தான். ஜென்டூவின் போர்ட்டேஜ், ஃபெடோரா பல ஆண்டுகள் பயன்படுத்திய டிஎன்எஃப் எல்லாம் அதே கதை. இந்தக் கருவிகள் எந்தப் பதிப்பு லைப்ரரிகளோடு சோதிக்கப்பட்டனவோ, அந்தப் பதிப்புகளே சிஸ்டத்தில் இருக்கும்.

இப்போது ஒருவர் சூடோ போட்டு பிப்பை ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். டெபியன் குடும்பத்தில் ஆப்ட் நிறுவும் பைத்தான் பேக்கேஜ்கள் யூஎஸ்ஆர் ஃபோல்டரின் லிப்புக்குள், "டிஸ்ட்-பேக்கேஜஸ்" என்ற இடத்தில் இருக்கும். சூடோ பிப் போடுவது யூஎஸ்ஆருக்குள் இருக்கும் "லோக்கல்" கிளையின் டிஸ்ட்-பேக்கேஜஸில் போய் உட்காரும். தேடும்போது பைத்தான் முதலில் பார்ப்பது லோக்கல் கிளையைத்தான். ஆக, நம்ம புராஜெக்டுக்காகப் போட்ட புதுப் பதிப்பு, இயங்குதளத்தின் கருவிகளுக்கும் முன்னால் போய் நின்றுவிடும். அவை எதிர்பார்த்த செயற்கூறு அதில் இல்லையென்றால், நம்ம நிரல் நன்றாக ஓடும், அப்டேட் கருவி படுத்துவிடும்.

இதைத் தடுக்கத்தான் பெப் 668 வந்தது. பெப் என்பது பைத்தான் மேம்பாட்டுக்கான முன்மொழிவு ஆவணம். அதன்படி, சிஸ்டம் பைத்தானின் ஃபோல்டரில் "எக்ஸ்டர்னலி-மேனேஜ்ட்" என்ற பெயரில் ஒரு சின்னக் கோப்பு இருந்தால், பிப் அங்கே எழுத மறுத்துவிடும். 2023 ஜனவரியில் வந்த பிப் 23.0 இதை மதிக்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூனில் வந்த டெபியன் 12-இல் அந்தக் கோப்பு இருந்தது. "நேத்து வரைக்கும் வேலை செஞ்ச கட்டளை இன்னிக்கு ஏன் திட்டுது?" என்று பலரும் கேட்டது அப்போதுதான். தடையை மீற ஒரு தெரிவு உண்டு. அதன் பெயரே "பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்", அதாவது சிஸ்டம் பேக்கேஜ்களை உடை. அந்தப் பெயருக்கு மேல் எச்சரிக்கை தேவையில்லை.

கவனியுங்கள்: தடை எழுதுவதற்கு மட்டும்தான். படிப்பதற்குத் தடை எதுவும் இல்லை. நமக்கு வேண்டியதும் படிக்கும் உரிமை மட்டுமே.

ஒரு வரி, இரண்டு மதிப்பு

மெய்நிகர் சூழல் என்றால் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. அது ஒரு ஃபோல்டர். அதற்குள் சிஸ்டம் பைத்தானைச் சுட்டும் இணைப்பு ஒன்று, பேக்கேஜ்களுக்கான காலி இடம் ஒன்று, பைவென்வ்.சிஎஃப்ஜி என்ற சில வரிக் கோப்பு ஒன்று. அந்தக் கோப்பில் "ஹோம்" என்ற வரி, இந்தச் சூழல் எந்தப் பைத்தானிலிருந்து பிறந்தது என்று சொல்லும். இன்னொரு வரி "இன்க்ளூட்-சிஸ்டம்-சைட்-பேக்கேஜஸ்". வழக்கமாக அதன் மதிப்பு ஃபால்ஸ். சூழலை உருவாக்கும்போது வென்வ் கட்டளையோடு "சிஸ்டம்-சைட்-பேக்கேஜஸ்" தெரிவைச் சேர்த்தால் அது ட்ரூ ஆகும். அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு மனசு மாறினால் அந்த வரியைக் கையால் திருத்தினாலும் போதும். பைத்தான் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அதைப் படிக்கிறது.

இதில் ஒரு வரலாற்று வேடிக்கை உண்டு. 2007-இல் இயன் பிக்கிங் வெளியிட்ட விர்ச்சுவல்என்வ் கருவியில் முதலில் பகிர்வதுதான் இயல்புநிலை. தனிமை வேண்டுமென்றால் நாம்தான் கேட்கணும். 2011-இல் வந்த 1.7 பதிப்பில்தான் இது தலைகீழானது. 2012-இல் பைத்தான் 3.3-க்குள்ளேயே வென்வ் சேர்ந்தபோது தனிமையே இயல்பு என்பது நிலைத்துவிட்டது. பகிர்வதே இயல்பாக இருந்த நாட்களில், தன் கணினியில் ஓடிய நிரல் அடுத்தவர் கணினியில் ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இருந்தது. அந்த மாற்றத்துக்கு வலுவான காரணம் இருந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

பகிர்வை இயக்கியபின் ஒரு பேக்கேஜை இம்போர்ட் செய்தால், பைத்தான் இந்த வரிசையில் தேடும்:

1. மெய்நிகர் சூழலின் சொந்த இடம்.
2. உங்கள் வீட்டு ஃபோல்டருக்குள் இருக்கும் "டாட் லோக்கல்", அதாவது பிப்பின் "யூசர்" தெரிவால் நிறுவியவை.
3. சிஸ்டத்தின் இடம்.

முதலில் எங்கே கிடைக்கிறதோ அதுதான். இரண்டாவது படியைப் பலரும் கவனிப்பதில்லை. சிஸ்டத்தைத் திறந்துவிட்டால் வீட்டு ஃபோல்டரும் சேர்ந்தே திறந்துவிடுகிறது. மூன்று வருடத்துக்கு முன் எதற்கோ போட்ட பழைய பேக்கேஜ் அங்கே கிடந்தால், சிஸ்டத்தினுடையதற்கு முன்னால் அது வந்து நிற்கும். அது வேண்டாமென்றால் "பைத்தான்நோயூசர்சைட்" என்ற சூழல் மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுங்கள். நடுப்படி காணாமல் போகும், சிஸ்டம் மட்டும் மிஞ்சும்.

இந்தச் சூழலில் பிப் எப்படி நடந்துகொள்ளும்? நம்பை வேண்டும் என்று கேட்டால், சிஸ்டத்தில் இருப்பதைப் பார்த்து "தேவை ஏற்கெனவே நிறைவேறியிருக்கிறது" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். வேறு பதிப்பு கேட்டால், புதியதைச் சூழலுக்குள் போடும். சிஸ்டத்தில் இருப்பது தன் எல்லைக்கு வெளியே இருப்பதால் அதை நீக்கவில்லை என்று ஒரு வரி சொல்லும். பழையது தொடப்படாது, நம்ம பார்வையிலிருந்து மறைந்துவிடும். படிப்பது பொதுவிலிருந்து, எழுதுவது நம்ம இடத்தில் மட்டும். இந்த ஏற்பாட்டின் மொத்த அழகும் இதில்தான் இருக்கு.

"சிஸ்டம்" என்றால் எந்த சிஸ்டம்?

"தெரிவைச் சேர்த்தேன், ஆனாலும் ஆப்ட் வழியாகப் போட்ட பேக்கேஜ் தெரியலையே" என்ற புகாருக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். இங்கே சிஸ்டம் என்பது கணினி முழுவதையும் குறிக்காது. அந்தச் சூழல் எந்தப் பைத்தானிலிருந்து பிறந்ததோ, அந்தப் பைத்தானின் பேக்கேஜ் இடத்தைத்தான் குறிக்கும்.

பைஎன்வ் வழியாக நீங்களே ஒரு பைத்தானைத் தொகுத்து வைத்திருந்தால், அதிலிருந்து பிறந்த சூழலுக்கு ஆப்ட் நிறுவியவை கண்ணிலேயே படாது. டாக்கரில் இது இன்னும் அடிக்கடி நடக்கும். டாக்கரின் அதிகாரப்பூர்வ பைத்தான் படிமத்தில் பைத்தான் "யூஎஸ்ஆர் லோக்கல்" ஃபோல்டரில் தனியாக இருக்கு. அதற்குள் ஆப்ட் கட்டளையால் நம்பையைப் போட்டால், டெபியனின் சொந்தப் பைத்தானும் கூடவே வந்து, நம்பை அதனிடம் போய்ச் சேரும். ஒரே படிமத்தில் இரண்டு பைத்தான். பேக்கேஜ் ஒன்றிடம், உங்கள் நிரல் இன்னொன்றிடம். ஆப்ட் பேக்கேஜ்களைப் பகிர வேண்டுமானால், வெறும் டெபியன் படிமத்தில் தொடங்கி டெபியனின் பைத்தானையே பயன்படுத்துவதுதான் சரி.

சூழலுக்குள் இருந்துகொண்டே இன்னொரு சூழலை உருவாக்கினாலும் இதே விதிதான். குழந்தைச் சூழல் தாய்ச் சூழலின் பேக்கேஜ்களைப் பார்க்காது. மூலப் பைத்தானுடையதைத்தான் பார்க்கும்.

தேடும் பாதையில் அந்த ஃபோல்டரை நாமே சேர்த்தால் என்ன என்று கேட்கலாம். சி மொழியில் எழுதித் தொகுத்த பேக்கேஜ்களுக்கு அது பெரும்பாலும் உதவாது. அவற்றின் கோப்புப் பெயரிலேயே "சிபைத்தான்-311", "சிபைத்தான்-312" என்று பதிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். 3.11-க்காகத் தொகுத்ததை 3.12 ஏற்காது. டெபியன் 12-இலிருந்து 13-க்கு மாறும்போது சிஸ்டம் பைத்தான் 3.11-இலிருந்து 3.13 ஆகிறது. அன்றைக்குப் பழைய சூழலை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற முயலாமல், அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள்.

பில்ட் நேரத்தில் வேறு கதை

இதுவரை சொன்னது நிரல் ஓடும்போது நடப்பது. மூலநிரலிலிருந்து ஒரு பேக்கேஜைக் கட்டும்போது நடப்பது வேறு. பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

உங்கள் புராஜெக்டில் சி நிரல் ஒன்று இருக்கு. அதைக் கட்ட செட்டப்டூல்ஸ், நம்பையின் ஹெட்டர் கோப்புகள், சைத்தான் எல்லாம் வேண்டும். (பயப்பட வேண்டாம், சைத்தான் என்பது பைத்தான் போன்ற நிரலை சி-யாக மாற்றும் கருவியின் பெயர்.) இவை மூன்றும் சிஸ்டத்தில் இருக்கு. சூழலிலும் பகிர்வை இயக்கிவிட்டீர்கள். ஆனால் பிப் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மூன்றையும் மறுபடி இணையத்திலிருந்து இறக்குகிறது. இணையம் இல்லையென்றால் தோற்றுப்போகிறது.

காரணம் பில்ட் தனிமை. பெப் 518 என்ன சொல்கிறது என்றால், ஒரு புராஜெக்ட் தன்னைக் கட்ட என்னென்ன வேண்டும் என்பதைப் பைபுராஜெக்ட்.டோமல் கோப்பில் எழுதி வைக்கணும். பிப் அதைப் படித்து, ஒரு தற்காலிக இடத்தைப் புதிதாக உருவாக்கி, அங்கே அவற்றை நிறுவி, கட்டி முடித்ததும் அந்த இடத்தை அழித்துவிடும். 2018-இல் வந்த பிப் 10-இலிருந்து இதுதான் வழக்கம். அந்தத் தற்காலிக இடம் உங்கள் சூழலைப் பார்க்காது, சிஸ்டத்தையும் பார்க்காது. நீங்கள் இயக்கிய பகிர்வுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சிஸ்டத்தில் இருப்பதை வைத்தே கட்டு என்று சொல்ல இன்னொரு தெரிவு வேண்டும்: "நோ-பில்ட்-ஐசொலேஷன்". இதைச் சேர்த்தால் தற்காலிக இடம் உருவாகாது. கண்ணுக்குத் தெரிகிற பேக்கேஜ்களை வைத்தே கட்டும். தேவையானவை இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளும் வேலை இனி உங்களுடையது. பைத்தான் 3.12 முதல் புதிய மெய்நிகர் சூழலில் செட்டப்டூல்ஸ் தானாக வருவதில்லை. அதனால் தனிமையை நிறுத்தியதும் முதலில் வரும் பிழை "செட்டப்டூல்ஸ் இல்லை" என்பதாகவே இருக்கும். ஆப்ட் வழியாக அதை நிறுவி, பகிர்வையும் இயக்கினால் சரியாகும். இரண்டு தெரிவும் சேர்ந்தால்தான் சிஸ்டம் பேக்கேஜ்களை வைத்துக் கட்ட முடியும். ஒன்று மட்டும் பாதி வழிதான்.

டெபியனின் பேக்கேஜ்கள் கட்டப்படுவதும் இப்படித்தான். அங்கே பில்ட் செய்யும்போது இணையத்திலிருந்து எதையும் இறக்கக் கூடாது என்பது விதி. கட்டத் தேவையான எல்லாமே டெபியன் பேக்கேஜ்களாக முன்பே நிறுவப்பட்டிருக்கணும். பைபில்ட் என்ற அவர்களுடைய கருவி, பைத்தானின் பில்ட் கருவியைத் தனிமை இல்லாமல்தான் அழைக்கிறது. இன்றைக்குக் கட்டியதை அடுத்த வருடமும் அதே பொருள்களால் கட்ட முடியணும், எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று சொல்லவும் முடியணும் என்பதற்காகத்தான் இவ்வளவு கண்டிப்பு.

அடித்தளத்தை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்?

பகிர்ந்த சூழலில் வரும் சிக்கல்களில் பெரியது இது. உண்மையான உதாரணத்தோடு பார்ப்போம்.

உபுண்டு 24.04-இன் நம்பை 1.26.4. அதே உபுண்டுவின் பாண்டாஸ், மேட்பிளாட்லிப் எல்லாம் அந்த 1.x நம்பையை வைத்துத் தொகுக்கப்பட்டவை. 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தது. அதில் இரும நிலையில் இடைமுகம் மாறியது, 1.x-ஐ வைத்துத் தொகுத்த பேக்கேஜ் 2.x-இன் மேல் ஓடாது.

இப்போது பகிர்ந்த சூழல் ஒன்றில், நம்பை 2-க்கு மேல் கேட்கும் ஏதோ ஒரு பேக்கேஜை நிறுவுகிறீர்கள். பிப் சொன்னபடி செய்து, நம்பை 2-ஐச் சூழலுக்குள் போடுகிறது. அடுத்து பாண்டாஸை இம்போர்ட் செய்கிறீர்கள். பாண்டாஸ் வருவது சிஸ்டத்திலிருந்து. அது தேடும் நம்பை கிடைப்பதோ சூழலிலிருந்து, ஏனென்றால் தேடும் வரிசையில் அதுதான் முதலில். விளைவு, "நம்பை 1.x-ஐ வைத்துத் தொகுத்த இந்தக் கூறு இங்கே ஓடாது" என்கிற நீண்ட பிழைச் செய்தி. சிஸ்டம் கெடவில்லை, சூழலுக்கு வெளியே பாண்டாஸ் எப்போதும்போல ஓடுகிறது. உள்ளே மட்டும் உடைந்துவிட்டது.

இதிலிருந்து எளிய விதி ஒன்று கிடைக்கும்: அடியில் இருப்பதை மாற்றினால், அதன்மேல் நிற்பது எல்லாவற்றையும் சேர்த்து மாற்றணும். நம்பையைச் சூழலுக்குள் போட்டால், அதன்மேல் நிற்கும் பாண்டாஸ், சைபை, மேட்பிளாட்லிப் எல்லாவற்றையும் சூழலுக்குள்ளேயே போடுங்கள். இல்லையென்றால் நம்பையைத் தொடாதீர்கள். தனிமையை நிறுத்தி நீங்களே கட்டிய சி நிரலுக்கும் இது பொருந்தும்: எந்த நம்பையை வைத்துக் கட்டினீர்களோ, அதனோடு ஓட்டுங்கள்.

எதைப் பகிரலாம், எதைக் கூடாது?

தொடக்கத்தில் சொன்ன பொறுப்புக் கேள்விக்கு இங்கே வருவோம். 2023 செப்டம்பரில் லிப்வெப்பி என்ற லைப்ரரியில் மோசமான பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தது. வெப்பி வகைப் படங்களைத் திறக்கும் லைப்ரரி அது. உலாவிகள் முதல் பைத்தானின் பில்லோ வரை எல்லாரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். விஷமமாகச் செய்த ஒரு படத்தைத் திறந்தாலே தாக்குதலுக்கு வழி உண்டு.

டெபியனின் பில்லோ, சிஸ்டத்தில் இருக்கும் லிப்வெப்பியோடு இணைந்து ஓடுவது. அதனால் அந்த ஒரு லைப்ரரியை ஆப்ட் புதுப்பித்ததும், ஓடிக்கொண்டிருந்த நிரல்களை மறுபடி தொடங்கியதும், வேலை முடிந்தது. பில்லோவைத் தொட வேண்டியதே இல்லை. பிப் வழியாக வரும் பில்லோ அப்படி இல்லை. எந்த லினக்ஸிலும் ஓடணும் என்பதற்காக, லிப்வெப்பியின் சொந்தப் பிரதியை அது தன்னோடு சுமந்து வருகிறது. அதற்காக பில்லோ 10.0.1 தனியாக வெளியிடப்பட்டது. ஆனால் வெளியானதால் மட்டும் எந்த மெய்நிகர் சூழலும் தானாக மாறிவிடாது. ஒவ்வொரு சூழலுக்குள்ளும் யாராவது போய் மேம்படுத்தணும். மறந்துபோன பழைய புராஜெக்டின் சர்வரில், அந்தப் பழைய லிப்வெப்பி இன்றும் ஓடிக்கொண்டிருக்கலாம். ஆப்ட் அதைப் பார்க்காது, எச்சரிக்கவும் செய்யாது.

ஆக, ஒவ்வொரு பிரதியும் ஒரு பொறுப்பு. சிஸ்டத்திலிருந்து பகிர்ந்தால் அந்தப் பொறுப்பை டிஸ்ட்ரோவின் பராமரிப்பாளர்களிடம் விடுகிறீர்கள். அவர்கள் ஓட்டையை அடைப்பார்கள். அதற்கு விலையாக, அவர்கள் தேர்ந்த பதிப்போடு நீங்கள் இருக்கணும். சூழலுக்குள் போட்டால் எந்தப் பதிப்பு என்பது உங்கள் விருப்பம். ஓட்டை வந்தால் அடைப்பதும் நீங்கள்தான்.

இதை வைத்துப் பார்த்தால் பிரிப்பது சுலபம்.

சிஸ்டத்தோடு ஒட்டிப் பிறந்தவற்றைப் பகிருங்கள். ராஸ்பெர்ரி பையின் பைகேமரா2 நல்ல உதாரணம். அது லிப்கேமராவோடும், அது வழியாகக் கேமரா வன்பொருளோடும் இணைந்தது. ஆப்ட் வழியாகப் போட்டு, சூழலைச் சிஸ்டம்-சைட்-பேக்கேஜஸ் தெரிவோடு உருவாக்கும்படி அதன் கையேடே சொல்கிறது. ஜிடிகே சாளரங்களுக்கான பைஜிஆப்ஜெக்ட், ஆப்டையே பைத்தானிலிருந்து இயக்கும் பைத்தான்3-ஆப்ட் போன்றவையும் இதே வகை. இவற்றைச் சூழலுக்குள் தனியாகக் கட்ட முயன்றால், பாதி இயங்குதளத்தையே கட்ட வேண்டிவரும். வேகம் குறைந்த கணினியில் நம்பை, சைபை போன்ற கனமானவற்றையும் பகிரலாம், அந்தப் பதிப்பே உங்களுக்குப் போதும் என்றால்.

உங்கள் நிரலின் நடத்தையைத் தீர்மானிப்பவற்றைத் தனியாக வையுங்கள். இணையச் சட்டகம், தரவுத்தள இடைமுகம், எந்தப் பதிப்பில் எது மாறியது என்று நீங்களே பின்தொடரும் லைப்ரரிகள். இவற்றில் பல தூய பைத்தானில் எழுதியவை. சிறியவை, நொடியில் இறங்குபவை. பகிர்ந்து மிச்சமாவது கொஞ்சம். டிஸ்ட்ரோ மேம்படும் நாளில் நிரலின் நடத்தை சொல்லாமல் மாறினால் போவது அதிகம்.

வேறொருவருக்குக் கொடுக்கப்போகும் புராஜெக்ட் என்றால் இன்னொரு கடமை உண்டு. சிஸ்டத்திலிருந்து எதை எடுக்கிறீர்கள் என்பதை எழுதி வையுங்கள். "ஆப்ட் வழியாக இவை வேண்டும், பிப் வழியாக இவை வேண்டும்" என்று இரண்டு பட்டியல். இரண்டாவது பட்டியலை மட்டும் கொடுத்தால், அடுத்தவர் கணினியில் அது ஓடுமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை

பட்டியல் எடுக்கும்போது: பகிர்ந்த சூழலில் பிப் ஃப்ரீஸ் கட்டளையை ஓட்டினால், சிஸ்டத்தின் எல்லாப் பேக்கேஜ்களும் சேர்ந்து வரும். அந்தப் பட்டியலை அப்படியே தேவைக் கோப்பில் போட்டால், அடுத்தவர் கணினியில் பிப் இணையத்தில் கிடைக்காதவற்றையும் தேடும். "லோக்கல்" தெரிவைச் சேருங்கள். சூழலுக்குள் நீங்கள் நிறுவியவை மட்டும் வரும்.

கட்டளைகளை ஓட்டும்போது: பைடெஸ்ட் சிஸ்டத்தில் இருக்கு, சூழலில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சூழலை இயக்கிவிட்டு வெறுமனே பைடெஸ்ட் என்று தட்டினால், சிஸ்டத்தின் பைடெஸ்ட் ஓடும். அதன் முதல் வரியே சிஸ்டம் பைத்தானைச் சுட்டுவதால், உங்கள் சூழலில் இருக்கும் பேக்கேஜ்கள் அதற்குத் தெரியாது. "பைத்தான்" என்று தட்டி, எம் தெரிவைச் சேர்த்து, பிறகு பைடெஸ்ட் பெயரைக் கொடுங்கள். அப்போது சூழலின் பைத்தான்தான் அதை ஓட்டும். இரண்டு பக்கமும் தெரியும்.

யூவி பயன்படுத்துபவர்களுக்கு: யூவியிலும் இதே சிஸ்டம்-சைட்-பேக்கேஜஸ் தெரிவு உண்டு. ஆனால் நிரல் ஓடும்போது மட்டும்தான் அது செல்லும். நிறுவும்போது சிஸ்டத்தில் இருப்பதை யூவி கணக்கில் எடுக்காது. நம்பை கேட்டால் மறுபடி சூழலுக்குள் போட்டுவிடும். பிப்பின் பழக்கத்தை வைத்து இதை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

இடம் மட்டுமே கவலை என்றால், சிஸ்டத்தைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. பிப் ஒருமுறை இறக்கியதைத் தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொள்வதால் அதே கோப்பு மறுபடி இறங்குவதில்லை, டேட்டா மிச்சம். யூவி இன்னும் ஒரு படி மேலே போய், வழக்கமான லினக்ஸ் அமைப்பில் தன் சேமிப்பிலிருந்து சூழலுக்குக் கோப்பை நகலெடுக்காமல் வன்இணைப்பு மட்டும் போடுகிறது. சேமிப்பும் சூழலும் ஒரே டிஸ்க் பகிர்வில் இருந்தால், பத்துச் சூழல் இருந்தாலும் டிஸ்கில் இருப்பது ஒரு பிரதிதான். தனிமையும் கெடாது. ஆனால் பாதுகாப்புப் பொறுப்பு இங்கே உங்களுடையதாகவே இருக்கும். ஒரு பிரதியாகச் சேமித்தாலும், பத்துச் சூழலிலும் மேம்படுத்தும் வேலை பத்துதான்.

சந்தேகம் வந்தால் ஊகிக்க வேண்டாம், பைத்தானையே கேளுங்கள். "பைத்தான் எம் சைட்" என்று ஓட்டினால் தேடும் பாதைகளை வரிசையாகக் காட்டும். ஒரு பேக்கேஜ் எங்கிருந்து வந்தது என்று அறிய, அதை இம்போர்ட் செய்து அதன் "ஃபைல்" பண்பை அச்சிடுங்கள். அந்தப் பெயருக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு. யூஎஸ்ஆர் ஃபோல்டரின் லிப்புக்குள் இருக்கும் டிஸ்ட்-பேக்கேஜஸைக் காட்டினால் பொறுப்பு டெபியனுடையது. உங்கள் புராஜெக்டின் ஃபோல்டரைக் காட்டினால் உங்களுடையது. வீட்டு ஃபோல்டரின் டாட் லோக்கலைக் காட்டினால், அதற்கு யாருமே பொறுப்பு இல்லை. முதலில் அதைச் சுத்தம் பண்ணுங்க.